சேர்க்கையும் செயற்கையும்



ஒரு சொல்லின் பொருட்டு ஒரு மாணவனுக்கு நான் இழைத்த பிழையிலிருந்து இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. பச்சைத் தாவரங்கள் கதிரவன் ஒளியின் துணைகொண்டு உணவு ஆக்கிக்கொள்ளும் முறைக்குப் பெயர் யாது என்று அறிவியல் தாளில் ஒரு மதிப்பெண் வினா. விடை நீங்கள் அறிந்ததே: ஒளிச்சேர்க்கை. ஒருவன் மட்டும் 'ஒளிச்செயற்கை' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்தேன். அத்துடன் விட்டிருந்தால் குற்றமில்லை. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அதனை உரக்கப் படித்து, "மாவிலை செயற்கையாம், கேட்டீர்களா?" என்று வகுப்பையே சிரிக்க வைத்தேன். பையன் எழுந்து நின்றான். "ஐயா, இங்கிலீஷ் புத்தகத்தில் இதற்கும் சிந்தெசிஸ் என்றுதான் இருக்கிறது, நைலானுக்கும் சிந்தெடிக் என்றுதான் இருக்கிறது. நைலானைச் செயற்கை இழை என்று நீங்கள்தாமே எழுதிப் போட்டீர்கள்?" என்று கேட்டான்.

"உட்கார்" என்றேன். அன்று என்னிடம் இருந்த விடை அவ்வளவுதான்.

பின்னர் அந்தச் சொல் என்னை விடவில்லை. பள்ளிக் கணக்கில் 'தொகுமுறை வகுத்தல்' என்று ஒரு பாடம் உண்டு. ஆங்கில நூலில் அதற்கும் 'சிந்தெடிக்' என்ற அடைமொழியே நிற்கிறது. ஆக, ஒரே ஆங்கிலச் சொல் நம் பள்ளிக்குள் மூன்று கதவுகளால் நுழைந்திருக்கிறது. கணக்கு அறையில் அது தொகுமுறை. தாவர இயலில் சேர்க்கை. துணிகளைப் பற்றிய பாடத்தில் செயற்கை. மூன்றும் ஒன்றே என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. கேட்டவனை நான் உட்கார வைத்துவிட்டேன்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். அது கிரேக்கச் சொல். 'சின்' என்றால் உடன், சேர. 'தெசிஸ்' என்றால் வைத்தல். சேர்த்து வைத்தலே சிந்தெசிஸ். இதில் போலி என்ற கருத்தோ, ஆலை என்ற கருத்தோ துளியும் இல்லை. இன்னொன்றும் அறிந்துகொள்ளத் தக்கது. கிரேக்கத்தின் 'தெசிஸ்' என்பதும், வடமொழியில் வைத்தலைக் குறிக்கும் 'தா' என்ற வேரும் ஒரே மூலத்தில் கிளைத்தவை என்பர் மொழி நூலார். அந்த 'தா' என்பதன் முன் 'சம்' சேர்ந்து பிறந்த சொல்லே 'சந்தி'. எழுத்தும் எழுத்தும் சேருமிடம் சந்தி. தெருவும் தெருவும் சேருமிடமும் சந்தி. எங்கள் மொரப்பூர் நிலையத்திலிருந்து 1906-ஆம் ஆண்டு முதல் தருமபுரிக்கு ஒரு சிற்றகல இரயில் பாதை பிரிந்து சென்றது. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. அந்நாளில் எங்கள் ஊரும் ஒரு சந்திதான். கிரேக்கன் ஒருவன் அங்கே இறங்கியிருந்தால் அதனைச் சிந்தெசிஸ் என்று அழைத்திருப்பான் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இச்சொல்லை முதலில் பெரிதும் ஆண்டவர்கள் வடிவக் கணக்கு நூலார். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் என்பார் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டுகிறார். நிறுவ வேண்டியதை நிறுவிவிட்டதாகவே கொண்டு, அதற்கு முன் என்ன வேண்டும், அதற்கும் முன் என்ன வேண்டும் என்று பின்னோக்கிப் பிரித்துச் செல்வது ஒன்று. அது அனலிசிஸ், பகுத்தல். தெரிந்தவற்றிலிருந்து ஒவ்வொன்றாய் அடுக்கிக் கட்டி முடிவுக்கு ஏறுவது மற்றொன்று. அது சிந்தெசிஸ், தொகுத்தல். நீங்களும் நாள்தோறும் இவ்விரண்டையும் செய்கிறீர்கள். தேற்றம் பிடிபடாதபோது கரட்டுத் தாளில் முடிவிலிருந்து பின்னோக்கித் தேடுகிறீர்கள். பிடிபட்டதும் விடைத்தாளில் 'கொடுக்கப்பட்டது' என்று தொடங்கி முன்னோக்கி எழுதுகிறீர்கள்.

மெய்யியலார் இதே இணையை எடுத்துக்கொண்டனர். 1781-இல் ஜெர்மன் அறிஞர் காண்ட், எழுவாய்க்குள்ளேயே அடங்கியிருப்பதை எடுத்துச் சொல்லும் வாக்கியத்தைப் பகுப்பு என்றும், எழுவாயில் இல்லாத புதிய செய்தி ஒன்றைச் சேர்த்துச் சொல்லும் வாக்கியத்தைத் தொகுப்பு என்றும் பிரித்தார். முக்கோணத்துக்கு மூன்று கோணங்கள் உண்டு என்பது முதல் வகை. இந்தக் கிணற்று நீர் உவர்ப்பு என்பது இரண்டாம் வகை. கிணறு என்ற சொல்லை எவ்வளவு துருவினாலும் உவர்ப்பு கிடைக்காது. இறைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும்.

மொழி நூலுக்கு இச்சொல்லைக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகல். 1818-இல் அவர், சில மொழிகளில் ஒரே சொல்லுக்குள் பல உறுப்புகள் சேர்ந்து நிற்பதையும், சில மொழிகளில் ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனிச் சொல் நிற்பதையும் கண்டு, முன்னவற்றைத் தொகுநிலை என்றும் பின்னவற்றைப் பகுநிலை என்றும் வேறுபடுத்தினார். நமக்கு இதனை விளக்க அயல் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 'வந்தனன்' என்ற சொல்லைப் பகுபத உறுப்பிலக்கணப்படி பிரித்துப் பாருங்கள். வா என்ற பகுதி வ எனக் குறுகிற்று, த் என்ற சந்தி ந் என விகாரமாயிற்று, த் இடைநிலை, அன் சாரியை, மற்றோர் அன் விகுதி. தொழில், காலம், பால், எண், இடம் அனைத்தும் அந்த ஒரு சொல்லில் உள்ளன. பகுபதத்தை நன்னூல் முறையில் பிரிக்கத் தெரிந்த மாணவன், பகுத்தல், தொகுத்தல் இரண்டையும் அறிந்தவனே. ஆறு உறுப்புகளுள் ஒன்றன் பெயரும் சந்தி என்பதைக் கவனித்தீர்களா?

இதுகாறும் எங்கும் செயற்கை என்ற பொருள் வரவில்லை. அது இரசாயனத்தின் வழியே வந்தது. அந்த வரலாறு சற்று விரிவானது.

விலங்கும் தாவரமும் தம் உடலுக்குள் ஆக்கும் பொருள்களை மனிதன் குடுவையில் ஆக்க முடியாது. அதற்கு உயிராற்றல் ஒன்று தேவை என்பது பழைய நம்பிக்கை. 1828-இல் பிரடெரிக் வோலர் என்ற ஜெர்மன் இரசாயனி அம்மோனியம் சயனேட் என்னும் உப்பை ஆக்க முயன்றார். கிடைத்த வெண்படிகங்களைச் சோதித்தபோது அவை யூரியா என்று கண்டார். சிறுநீரில் உள்ள அதே யூரியா. மனிதனின் சிறுநீரகமோ நாயின் சிறுநீரகமோ இன்றி யூரியா செய்துவிட்டதாகத் தம் ஆசிரியர் பெர்சீலியசுக்கு அவர் மகிழ்ந்து எழுதினார். 1845-இல் கோல்பே என்பார் காடியின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தைத் தனிமங்களிலிருந்து படிப்படியாகக் கட்டி எழுப்பினார். அவ்வாறு கட்டுவதற்குச் சிந்தெசிஸ் என்ற சொல்லையும் ஆண்டார். கவனியுங்கள்: அவர் கருத்தில் அது தொகுத்தலே. வடிவக் கணக்கில் கோடுகளை அடுக்கியதுபோல இங்கே அணுக்களை அடுக்கினர். அடுக்கியவன் மனிதன், அடுக்கிய இடம் ஆய்வுக்கூடம் என்பதால், நாளடைவில் 'தொகுத்த' என்ற சொல்லே 'மனிதன் செய்த' என்ற பொருளைப் பூசிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேர்ந்த மாற்றம் இது.

அந்த மாற்றத்தில் நம் நாட்டுச் செடி ஒன்றுக்கும் பங்குண்டு. அவுரிச் செடியைச் சொல்கிறேன். நீலச் சாயம் தருவது அது. தென்னார்க்காடு மாவட்டம் ஒரு காலத்தில் அவுரிக்குப் பெயர் பெற்றது. வடமொழியின் 'நீல' அரபியில் 'நீல்' ஆகி, முன்னொட்டோடு போர்த்துக்கீசியம் சென்று 'அனில்' ஆயிற்று. நீலச் சாயத்தைக் காய்ச்சி வடித்து எடுத்த எண்ணெய்க்கு அதனாலேயே 'அனிலீன்' என்று பெயர் வைத்தனர். 1856-இல் இலண்டனில் பெர்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைச் செய்ய முயன்று தோற்றார். அந்த முயற்சியில் அனிலீனிலிருந்து ஊதா நிறச் சாயம் ஒன்று அவர் கையில் ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலைச் சாயங்களின் தொடக்கம் அதுவே. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்ததும் அதே 1856-இல்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, ஆண்டை நினைவிற்கொள்ள எளிது.

அனிலீனுக்குப் பெயர் கொடுத்த நீலத்தையே ஆய்வுக்கூடத்தில் ஆக்கியவர் அடால்ப் வான் பேயர். அவர் 1880-இல் அதனை ஆக்கினார். 1883-இல் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். ஆயினும் ஆலையில் மலிவாகச் செய்ய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. எதிலிருந்து என்று நினைக்கிறீர்கள்? நாப்தலீனிலிருந்து. பெட்டியில் துணிகளுக்கு இடையே போடுகிறோமே, அந்த அந்துருண்டைதான்.

விளைவு கொடியது. அவுரியின் விலை சரிந்தது. பீகாரின் சம்பாரணில், தோட்ட முதலாளிகள் தம் இழப்பைக் குடியானவர்கள் தலையில் ஏற்றினர். அவுரி பயிரிடும் கட்டாயத்திலிருந்து விடுவிக்கக் கூடுதல் வாரமும் ஈட்டுத்தொகையும் கேட்டனர். 1917-இல் காந்தியடிகள் அங்குச் சென்றதன் பின்னணியில் இந்த இரசாயனமும் இருக்கிறது. வரலாற்று ஆசிரியரும் இரசாயன ஆசிரியரும் ஒருநாள் ஒரே வகுப்பில் நின்று இதனை நடத்தலாம்.

இப்போது ஒரு கேள்வி. அவுரியின் நீலம் இயற்கை, ஆலையின் நீலம் செயற்கை என்கிறோமே, இரண்டுக்கும் வேற்றுமை என்ன? திண்டிவனத்தை அடுத்த ஊர்களில் இன்றும் அவுரியிலிருந்து நீலம் எடுப்போர் உள்ளனர். அவர்கள் செய்வதைப் பாருங்கள். அவுரி இலையில் நீலம் கிடையாது. இண்டிகன் என்ற நிறமற்ற பொருளே உள்ளது. செடியை அறுத்துத் தொட்டி நீரில் ஊற வைக்கின்றனர். ஊறும்போது இண்டிகன் உடைந்து, சர்க்கரை ஒருபுறமும் இண்டாக்சில் ஒருபுறமுமாகப் பிரிகிறது. பிறகு தொட்டி நீரை அடித்துக் கலக்குகின்றனர். காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் இரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு நீல மூலக்கூறு ஆகிறது. அது அடியில் படிகிறது. அதாவது, இயற்கை நீலமும் தொட்டியில், மனிதன் கையால், இரண்டு ஒன்றாகச் சேர்ந்தே பிறக்கிறது. பிறந்த மூலக்கூறும் ஆலையில் பிறந்ததும் ஒன்றே. அவுரி நீலத்தில் வேறு சில நிறப்பொருள்களும் சிறிது கலந்திருப்பதால் சாயல் சற்று மாறும். வேற்றுமை மூலக்கூற்றில் இல்லை. உடன்வரும் கலப்பில் இருக்கிறது, யார் வயிறு நிறைந்தது என்பதில் இருக்கிறது.

இனி நம் 'செயற்கை' என்ற சொல்லுக்கு வருவோம். இயல் என்பதிலிருந்து இயற்கை. செயல் என்பதிலிருந்து செயற்கை. சேர் என்பதிலிருந்து வந்தது சேர்க்கை. என் மாணவன் குழம்பியதற்கு ஓசையும் ஒரு காரணம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இயற்கைப் பொருளும் செயற்கைப் பொருளும் அடுத்தடுத்து வருகின்றன. இயற்கைப் பொருளை இத்தன்மைத்து என்று சொன்னால் போதும்: நிலம் வலிது, நீர் தண்ணிது. செயற்கைப் பொருளையோ 'ஆயிற்று' என்ற ஆக்கச் சொல்லோடு சொல்ல வேண்டும். அவ்வாறு ஆனதற்குக் காரணத்தையும் முன்னே சொல்ல வேண்டும். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று பயிரைப் பற்றியது: எருவிட்டுக் களை பறித்து நீர் பாய்ச்சியதனால் பயிர் நல்லவாயின என்பது அதன் கருத்து. செழித்த பயிர் அவர்களுக்குப் போலியன்று. ஒரு காரணத்தால் அந்த நிலைக்கு வந்த பொருள், அவ்வளவே. 'செயற்கையான சிரிப்பு' என்று நாம் முகம் சுளிப்பது அந்தப் பழைய இலக்கணத்தில் இல்லாத சுளிப்பு.

இந்தச் சுளிப்பு சந்தையில் என்ன செய்கிறது என்பதற்குத் திருச்சிராப்பள்ளி சான்று. அந்நகரிலும் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அங்கே இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் புழங்கின. 1902-இல் பிரெஞ்சு நாட்டு வெர்னாய் அறிவித்த முறைப்படி, அலுமினாப் பொடியைச் சுடரில் உருக்கிச் செய்யும் மாணிக்கம் உண்மையில் மாணிக்கமே. மண்ணில் கிடைப்பதும் அதுவும் ஒரே பொருள். வைரம்போல் மின்னும் சிர்க்கோனியாக் கல்லோ வைரமன்று. அது வேறு பொருள். முன்னது தொகுத்தது, பின்னது போலி. இரண்டையும் 'செயற்கைக் கல்' என்றே விற்றனர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரத்தைச் 'சிந்தெடிக்' என்று குறித்தால் வாங்குவோர் போலி என்று எண்ணிவிடுகின்றனர் என்ற வாதம் அமெரிக்காவிலும் எழுந்தது. 2018-இல் அந்நாட்டு வணிக ஆணையம், விற்பனையாளருக்குப் பரிந்துரைக்கும் சொற்களிலிருந்து அச்சொல்லை நீக்கிவிட்டது.

போலியையே குறிக்கும் இடமும் இல்லாமல் இல்லை. செய்தித்தாளில் 'செயற்கைப் பால்' என்று படிக்கிறோம். எண்ணெய், சலவைத் தூள், யூரியா முதலியவற்றை நீரில் கலக்கி நுரைக்க வைத்து விற்பது அது. பாலின் உறுப்புகளைத் தொகுத்தது அன்று அது, வெறும் மோசடி. அதனை மோசடிப் பால் என்றே எழுதலாம். நல்ல சொல்லொன்றைக் கெடுக்க வேண்டுவதில்லை. இதற்கு நேர்மாறாக, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் துணைக்கோளில் உள்ள ரேடாரின் பெயரிலும் இதே 'சிந்தெடிக்' இருக்கிறது. ஓடிக்கொண்டே பல இடங்களில் வாங்கிய எதிரொலிகளைச் சேர்த்து, ஒரு பேரளவு வாங்கி பெற்றதற்கு ஈடான படத்தை ஆக்குகிறது அது. தமிழ்ச் செய்திகளில் அதனைச் 'செயற்கைத் துளை' என்று எழுதக் காண்கிறேன். தொகுப்புத் துளை என்பதே பொருந்தும்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, எங்கள் ஊர் உரக்கடையில் நின்றிருந்தேன். நடுத்தர வயதினர் ஒருவர் யூரியா மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தார். உடன் வந்த பெண், கல்லூரி மாணவி, "செயற்கை உரம் மண்ணுக்கு விஷம், அப்பா" என்று வாதாடிக்கொண்டிருந்தாள். அவர் என்னைக் கண்டதும் கைகூப்பினார். "ஐயா, நீங்களே இவளுக்குச் சொல்லுங்கள்" என்றார். முகத்தை உற்றுப் பார்த்தேன். அன்று நான் உட்கார வைத்த பையன்.

மாணவியிடம் பேசினேன். காற்றின் நைட்ரஜனையும், இயற்கை எரிவாயு போன்றவற்றிலிருந்து எடுத்த ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா. ஹேபர் 1909-இல் காட்டிய வழி, 1913 முதல் ஆலையில் நடப்பது. அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா. நெய்வேலியில் 1966-இல் பழுப்பு நிலக்கரியைக் கொண்டும் இதனைச் செய்யத் தொடங்கினர்; அந்த ஆலை பின்னர் மூடப்பட்டது. 45 கிலோ மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம், தழைச்சத்து. மாட்டின் சிறுநீரில் உள்ள யூரியாவும் இதுவும் மண்ணுக்கு ஒன்றே. இரண்டையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஒரே வகையாய்ச் சிதைக்கின்றன. ஆயினும் தொழுவுரத்தோடு வரும் மட்கு இந்த மூட்டையில் இல்லை. அளவு மிஞ்சினால் ஒரு பகுதி காற்றில் போகும், ஒரு பகுதி நைட்ரேட்டாகிக் கிணற்றில் இறங்கும். "ஆகவே விஷம் என்று நீ சொன்னதும் சரியில்லை, உன் தந்தை ஏக்கருக்கு எத்தனை மூட்டை போடுகிறார் என்று நீ கேட்காததும் சரியில்லை" என்றேன். அவள் உடனே தந்தையின் பக்கம் திரும்பி அதையே கேட்டாள். அவர் விடை சொல்லத் தயங்கினார்.

வண்டியைக் கிளப்பும் முன் அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, அந்த ஒரு மதிப்பெண் இன்னும் பாக்கி" என்றார்.

கரியமில வாயுவும் நீரும் ஒளி என்ற காரணத்தால் மாவாயிற்று. தொல்காப்பியர் வழியில் பார்த்தால் இலையிலுள்ள மாவும் ஆக்கம் பெற்ற பொருள்தானே என்று நான் எண்ணிப் பார்த்தேன். ஆனால் வினா கேட்டது பாடநூலில் உள்ள பெயரை.

"அரை மதிப்பெண் தருகிறேன்" என்றேன்.